சிசுவின் முதல் நாற்பது நாள்
காஞ்சிபுரம் நெசவாளர் சங்கத்து அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

1904-ஆம் வருஷம் இந்தியாவில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷம் அக்டோபர் மாதத்திலேயே காஞ்சிபுரத்தில் நகர நாணய சங்கம் ஒன்று பதிவாயிற்று. இந்நாட்டில் அவ்வகைச் சங்கங்களுள் அதுவே முதலாவது என்று கூட்டுறவு வரலாற்றில் சொல்லப்படுகிறது. கடன் தொல்லையினின்று குடும்பத்தைக் காக்க ஒருவருக்கொருவர் கைகொடுத்தல் என்னும் கொள்கை இவ்வூருக்குப் புதிதன்று. அக்கொள்கை பணத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும், புதிதாய்ப் பிறந்த சிசுவின் உயிரைக் காப்பதற்கும் அது பெரிதும் உதவும் என்பதையும் எடுத்துக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருவொன்றில் வசிக்கும் ஓர் இளந்தம்பதியை மனத்தில் வைத்துக்கொள்வோம். புருஷன் தறியிலிருக்கிறான், மனைவி இழை சுற்றுகிறாள், கோர்வைச் சேலைக்கு மறுபக்கத்திலிருந்து கைகொடுக்கிறாள். ஒரு சேலை முடியப் பல நாட்கள் செல்லும். முடிந்த பிறகே கூலி கைக்கு வரும். இவ்வீட்டில் முதற்குழந்தை பிறக்கிறது. அன்றே ஒரு ஜோடிக் கை தறியை விட்டு நீங்குகிறது, செலவோ இரட்டிக்கிறது. ஆலையிலும் அலுவலகத்திலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஸ்திரீக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பு என்று 2017-ஆம் வருஷத்தில் சட்டம் ஏற்பட்டது. வீட்டுத் தறியில் உழைப்பவளுக்கு அவ்வித முதலாளியும் இல்லை, விடுப்பும் இல்லை. ஆகையால் பிரசவித்த சில வாரங்களுக்குள்ளாகவே அவள் மீண்டும் இழையைக் கையில் எடுக்க நேருகிறது. தாய்ப்பால் குறைவதும், புட்டிப்பால் நுழைவதும், வயிற்றுப்போக்கு தொடர்வதும் பெரும்பாலும் இவ்விடத்திலிருந்தே ஆரம்பமாகின்றன. சிசு பராமரிப்பு பெண்களின் விஷயம் என்று ஒதுக்கிவிடாமல், சங்கக் கூட்டத்தில் ஆண்களும் படிக்கவேண்டியதன் காரணம் இதுவே.

1. முதல் 28 நாட்களின் முக்கியத்துவம்

2020-ஆம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 13 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. அவற்றுள் 9 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறந்தவை. இந்தியா முழுவதற்கும் இவ்விரண்டு எண்களும் முறையே 28, 20 ஆகும். அண்டை மாநிலங்கள் பலவற்றைவிட நாம் முன்னேறியிருக்கிறோம் என்பது உண்மையே. எனினும், முதல் வருஷத்தில் நேரும் மரணங்களில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மாதத்திலேயே நேருகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் தடை, கிருமித் தொற்று, பிறவிக் கோளாறு என்பன முக்கிய காரணங்கள். இவற்றில் பலவற்றை வெதுவெதுப்பு, தாய்ப்பால், சுத்தம், காலத்தில் வைத்தியம் என்னும் நான்கினால் தடுக்கலாம்.

இது வெறும் நம்பிக்கையன்று, சோதித்தறியப்பட்டது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்னும் பின்தங்கிய ஜில்லாவில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்னும் தம்பதிகள் 39 கிராமங்களில் ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஓரளவு படித்த கிராம ஸ்திரீகளுக்குப் பயிற்சி அளித்து, சிசு பிறந்த வீடுகளுக்குச் சென்று எடை பார்க்கவும், வெதுவெதுப்பாய் வைத்திருக்கக் கற்பிக்கவும், நோயின் அடையாளங்களைக் கண்டு உடனே சிகிச்சை தரவும் செய்தார்கள். மூன்றாம் வருஷ முடிவில், இவ்வேற்பாடு இல்லாத கிராமங்களோடு ஒப்பிட, அக்கிராமங்களில் சிசு மரணம் 62 சதவிகிதம் குறைந்ததாக 1999-ஆம் வருஷத்தில் முடிவு வெளியாயிற்று. பிறகு 2011-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் வீட்டு வழிச் சிசு பராமரிப்பைத் தேசியத் திட்டமாக மேற்கொண்டது. அதன்படி, வைத்தியசாலையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும். இவ்வாறு நாட்களை வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வது பெற்றோரின் கடமை. ஊழியர் வராவிடில் நாமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லியனுப்பவேண்டும்.

2. பிறந்த முதல் நாள்

சிசு பிறந்தவுடன் துடைத்து உலர்த்தி, தாயின் மார்பின்மேல் தோலோடு தோல் படும்படி கிடத்தி, இருவரையும் சேர்த்துத் துணியால் மூடவேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கவேண்டும். அறுவைச் சிகிச்சையால் பிரசவித்த தாயும் பிறர் உதவியுடன் பால் கொடுக்கலாம். முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பால் மஞ்சளாகவும் கெட்டியாகவும் கொஞ்சமாகவும் இருக்கும். அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சி எறியும் வழக்கம் பெருந்தீங்கு. நோயெதிர்க்கும் சக்தி நிரம்பிய அச்சீம்பாலே சிசுவுக்கு முதல் தடுப்பு மருந்து. அளவு சிறிதாயிருப்பதும் இயற்கையே. சிசுவின் இரைப்பையும் அத்துணை சிறியது.

சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரை நீரோ தேனோ நாவில் தடவுவது நம் வீடுகளில் பெரியோரின் ஆசீர்வாதமாகக் கருதப்படுகிறது. ஆசீர்வாதத்தைக் கையால் செய்யலாம். வாயில் ஒன்றும் இடவேண்டாம். தேனில் சிலபோது இருக்கும் ஒரு நச்சுக் கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்துக் கைகால்களைச் செயலற்றுப் போகச் செய்யக்கூடும். கழுதைப்பாலும் உரைமருந்தும் அவ்வாறே தவிர்க்கத்தக்கவை. உரைகல்லில் இழைக்கும் வசம்பு, ஜாதிக்காய் முதலியவற்றின் அளவு யார் கையில் எவ்வளவு என்று தெரியாது. கல்லின் அழுக்கும் கூடவே உள்ளே போகிறது.

முதல் நாளில் குளிப்பாட்டவேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் பொறுத்திருக்கவேண்டும். எடை குறைந்த சிசுவுக்கு இன்னும் பல நாள் தாமதிப்பது நலம். வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். தடுப்பூசிகளில் பி.சி.ஜி., முதல் போலியோ சொட்டு, கல்லீரல் அழற்சி தடுப்பூசி ஆகியவை பிறந்தவுடன் அளிக்கப்படுகின்றன. கல்லீரல் அழற்சித் தடுப்பூசியை 24 மணி நேரத்துக்குள் போடுதல் முக்கியம். இரத்தப்போக்கைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசியும் போடப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அடுத்த தவணைகள் 6, 10, 14 வாரங்களில் வரும்.

3. வெதுவெதுப்பு

சிசு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறமையற்றது. மார்கழி மாதக் காலைக் குளிரில் மாத்திரமன்று, மழை நாளிலும் இரவிலும்கூட அது குளிர்ந்து போகும். பாதத்தைத் தொட்டுப் பார்க்க. வயிறும் பாதமும் வெதுவெதுப்பாயிருந்தால் நலம். வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருப்பின் இன்னொரு துணி சுற்றவேண்டும். இரண்டும் குளிர்ந்திருப்பின் ஆபத்து. சித்திரை வைகாசி வெயிலில் பல துணி சுற்றி வியர்க்க வைப்பதும் தவறே.

எடை 2.5 கிலோவுக்குக் குறைந்த சிசுவை, டயபர் ஒன்றும் தொப்பியும் மாத்திரம் அணிவித்து, தாயின் மார்பில் நிமிர்ந்த நிலையில் தோலோடு தோலாய்க் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை மிகச் சிறந்தது. 1978-ஆம் வருஷத்தில் தென்னமெரிக்காவிலுள்ள போகோட்டா நகரில், வைத்தியசாலையில் குறைமாதக் குழந்தைகளுக்கு இயந்திரம் போதாமலிருந்த நிலையில், டாக்டர் எட்கர் ரே என்பவர் இம்முறையைத் தொடங்கினார். இயந்திரம் உள்ள இடங்களிலும் இது மேலானதென்று பின்னர் உலகம் ஏற்றது. தாய் குளிக்கவோ உண்ணவோ செல்லும்போது தகப்பனே குழந்தையை மார்பில் ஏந்தலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. பால்

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலன்றி வேறு ஆகாரம் வேண்டியதில்லை; தண்ணீர்கூட வேண்டியதில்லை. கோடைக்காலத்திலும் தாய்ப்பாலிலேயே போதிய நீர் உண்டு. பகலிரவில் சேர்த்து 8 முதல் 12 தடவை ஊட்டவேண்டும். குழந்தையின் வாய் அகலத் திறந்து, காம்பை மாத்திரமன்றிக் கருவளையத்தில் பெரும்பகுதியையும் பற்றவேண்டும். தாய்க்கு வலித்தால் பிடிப்புச் சரியில்லை என்று அறிந்து மீண்டும் பொருத்தவேண்டும்.

பால் போதவில்லையென்று மாமியாரும் அயலாரும் சொல்வதைக் கேட்டுத் தாய் மனம் தளரக்கூடாது. அளவுகோல் இரண்டே. ஐந்தாம் நாளுக்குப் பின் தினம் ஆறு தடவையேனும் சிறுநீர் கழிந்தால் பால் போதுகிறது. மற்றொன்று எடை. முதல் வாரத்தில் பிறப்பெடையில் பத்தில் ஒரு பங்குவரை குறையலாம். 2.8 கிலோவாய்ப் பிறந்த குழந்தை 2.5 கிலோ அளவுக்கு இறங்கினும் திகைக்கவேண்டாம். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறப்பெடை மீளவேண்டும். பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வீதம் ஏறும். ஏறாவிடில் செவிலியரிடம் காட்டவேண்டும்.

தாய்க்குப் பத்தியம் என்னும் பெயரால் தண்ணீரைக் குறைப்பதும், கீரை, பருப்பு, முட்டை, பழம் முதலியவற்றை விலக்குவதும் கூடாது. பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை உணவு கூடுதலாக வேண்டும்.

தறி வேலைக்குத் திரும்பிய தாய், பாலைச் சுத்தமான கையால் பீய்ச்சி மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கலாம். சாதாரண வெப்பத்தில் நான்கு மணி நேரம்வரை கெடாது. கோடை உச்சியில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நலம். கொடுக்கும்போது நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையையே கையாளலாம். புட்டியைவிடப் பாலாடை சுத்தம் செய்ய எளிது. இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொதிநீரிலிடவேண்டும்.

5. சுத்தமும், தறிவீட்டுக்குரிய எச்சரிக்கைகளும்

குழந்தையைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவது எல்லாருக்கும் பொது. தறியிலிருந்தும் சாயத்திலிருந்தும் வருபவர்க்கு அது இருமடங்கு அவசியம். சாயப்பொடியும் சாயநீரும் படிந்த வேட்டியுடன் குழந்தையை மடியிலிடவேண்டாம். சாயம் கொதிக்கும் இடத்துக்கும், அடுப்புப் புகைக்கும், சாம்பிராணிப் புகைக்கும் சிசுவைத் தூரமாக வைக்கவேண்டும்.

நெசவாளர் இல்லத்துக்கே உரிய ஓர் ஆபத்து இழை. அறுந்த பட்டிழையோ தலைமயிரோ குழந்தையின் கால் விரலிலோ கை விரலிலோ சுற்றி இறுகினால், இரத்தம் ஓடாமல் விரல் வீங்கிக் கறுத்துவிடும். மெல்லிய இழை சதையில் புதைந்து கண்ணுக்குத் தெரியாது. காரணமின்றி ஓயாது அழும் குழந்தையின் எல்லா விரல்களையும் விரித்துப் பார்க்கவேண்டும். இழை சுற்றும் இடத்தில் குழந்தையைக் கிடத்தாமலிருப்பதே மேல். பெயரிடும் நாளிலும் ஜரிகைக் கரை போட்ட பட்டை மேலே போர்த்துவது நெருடும்; உள்ளே மெல்லிய பருத்தித் துணி போதும்.

தொப்புள்கொடியை உலர விடவேண்டும். அதன்மேல் சாம்பல், எண்ணெய், மஞ்சள், சாணம் ஒன்றும் வைக்கலாகாது, நூலும் கட்டலாகாது. ஓரிரு வாரத்தில் தானே விழும். அடிப்பாகம் சிவந்தோ சீழ் வைத்தோ நாறினால் அன்றே காட்டவேண்டும். கண்ணில் மை தீட்டவேண்டாம். சில மைகளில் ஈயம் கலந்திருக்கும். காதில் எண்ணெய் விடுவதும், மூக்கில் ஊதுவதும் கூடாது. மல்லாக்கக் கிடத்தித் தூங்க வைக்கவேண்டும். சேலைத் தூளியில் இடுவதாயின், முகவாய் மார்பில் படிந்து மூச்சு அடையாதபடி அடிக்கடி பார்க்கவேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து பல குழந்தைகள் மாலையில் காரணமின்றி அழும். ஆறாம் வாரத்தில் அது உச்சமடைந்து பிறகு தணியும். அதற்குக் கிரைப் வாட்டரோ அபினோ மருந்தாகாது. தோளில் சாய்த்துத் தட்டலாம். கோபம் வந்தால் குழந்தையைப் பத்திரமாய்க் கிடத்திவிட்டு, சற்று வெளியே போய் வரவேண்டும். குழந்தையைக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும்.

6. அபாய அடையாளங்கள்

நூலின் சாயத்தைப் பகல் வெளிச்சத்திலேயே பொருத்திப் பார்ப்போம். குழந்தையின் மேனியையும் அவ்வாறே வாசற்படியருகே பகலொளியில் தினமும் பார்க்கவேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் முகம் சற்று மஞ்சளாவது பெரும்பாலும் தானே தணியும். ஆனால், முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலோ, உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். வெயிலில் காட்டுவது அதற்குச் சிகிச்சையாகாது.

கீழ்வருவனவற்றுள் ஒன்றேனும் காணின் மறுநாள் என்று காத்திருக்கலாகாது:

(அ) பால் குடிக்க மறுத்தல், அல்லது முன்போல் குடிக்காமை.
(ஆ) வலிப்பு.
(இ) அமைதியாயிருக்கும்போது நிமிஷத்துக்கு 60 தடவைக்குமேல் மூச்சு வாங்குதல், மார்புக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே இழுத்தல், முனகல்.
(ஈ) உடல் கொதித்தல், அல்லது சில்லென்று குளிர்தல்.
(உ) தூண்டினாலன்றி அசையாமல் துவண்டு கிடத்தல்.
(ஊ) மேற்சொன்ன மஞ்சள், தொப்புளில் சீழ், உடலில் பெருங்கொப்புளம்.

பெரியவர்களைப்போல் சிசு ஜுரத்தில் பிதற்றாது. பால் குடிப்பதை நிறுத்துவதே அதன் முதற்குரல். 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் வண்டி வரும்; கட்டணமில்லை. வண்டியிலும் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்தே கொண்டுபோகவேண்டும். வழியில் குளிர்ந்து போனால் வைத்தியசாலைக்குச் சேர்ந்தும் பயனின்றிப் போகும்.

தாயையும் கவனிக்கவேண்டும். மிகுந்த இரத்தப்போக்கு, ஜுரம், கடுந்தலைவலியுடன் பார்வை மங்கல், காலில் ஒருபக்க வீக்கம் ஆகியவை வைத்தியசாலைக்குரியவை. இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கும் துயரமும், குழந்தைமேல் பற்றின்மையும் நோயே. அதைப் பேய் பிசாசென்று சொல்லி மறைப்பது தவறு.

7. சங்கம் செய்யக்கூடியது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1912-ஆம் வருஷத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பிற்பாடு சென்னைச் சட்டசபையில் அமர்ந்தவர். அவர் பெயரால் 1987-ஆம் வருஷம் முதல் மகப்பேறு நிதியுதவித் திட்டம் தமிழ்நாட்டில் நடந்துவருகிறது. 2018-ஆம் வருஷத்தில் இவ்வுதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பாக உயர்த்தப்பட்டது. வறிய குடும்பத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது தவணைகளாகக் கிடைக்கும். கர்ப்பம் தரித்ததும் செவிலியரிடம் பதிவு செய்து எண் பெறாவிடில் தவணை தவறும். கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நலவாரியத்தில் அங்கத்தினராயிருக்கும் ஸ்திரீகளுக்கு மகப்பேறு உதவி உண்டு. இவ்விரண்டையும் பெறப் படிவம் நிரப்புவதில் சங்கக் காரியதரிசி உதவவேண்டும்.

இதற்கு மேலும் ஒன்று கூட்டுறவால் ஆகும். உதாரணமாக 100 அங்கத்தினர் மாதம் 20 ரூபாய் வீதம் தனியே சேர்த்தால் வருஷத்தில் 24,000 ரூபாய் ஆகும். வருஷத்தில் ஆறு பிரசவம் நிகழ்ந்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் 4,000 ரூபாய். அது ஒரு சேலைக்கூலிக்கு ஈடாகாதுதான். ஆனால், கையில் காசில்லை என்னும் காரணத்தால் தாய் பதினைந்தாம் நாளில் இழையைத் தொடவேண்டாதபடி சில வாரத்தை அவளுக்கு வாங்கித் தரும். வேலையாலும் உதவலாம், கோர்வைக்குக் கைகொடுக்க அயல் வீட்டார் முறை வைத்துக்கொண்டால் பாவு நில்லாது. சங்கத்துக்கொரு எடைபார்க்கும் கருவியும் ஒரு வெப்பமானியும் வாங்கி வைத்தல் பெருஞ்செலவன்று.

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடுவதில்லை. தறியை நிறுத்தி, அவ்விழையைத் தேடிப் பிணைத்த பிறகே நெய்கிறான். வீட்டில் சிசு பிறந்த முதல் நாற்பது நாட்களும் அத்தகைய கவனத்தையே வேண்டுகின்றன.

சங்கக் கூட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்

1. நம் தெருவில் சென்ற வருஷம் பிறந்த குழந்தைகளுள் எத்தனைக்கு ஆறு முறையும் வீட்டுப் பார்வை நடந்தது? நடவாவிடில் காரணம் என்ன?
2. சேனை வைத்தலை நிறுத்தும்படி வீட்டுப் பெரியோரிடம் மரியாதை குன்றாமல் எவ்வாறு சொல்லலாம்?
3. பிரசவித்த தாய் தறிக்குத் திரும்புவதைத் தள்ளிவைக்க நம் சங்கம் எவ்வளவு பணமும் எத்தனை நாள் உழைப்பும் தரக்கூடும்?
4. இரவு இரண்டு மணிக்கு ஒரு சிசு பால் குடிக்க மறுத்தால் உங்கள் வீட்டார் முதலில் என்ன செய்வார்கள்? அது சரியா?